கழுவக் கூடாத கல்

பெர்லினில் வேலை பார்த்த இரண்டு ஆண்டுகளில் நான் வாங்கிய ஒரே பெரிய பொருள் ஒரு கடல்நீர்த் தொட்டி. புதுசு இல்லை. வேறு ஊருக்கு மாறிப் போன சக ஊழியர் ஒருவர் அடிமாட்டு விலைக்குக் கொடுத்தது. 120 லிட்டர் கண்ணாடிப் பெட்டி, உள்ளே பத்துப் பன்னிரண்டு கிலோ கல், இரண்டு கோமாளி மீன்கள், கல்லின் உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தோல் பவளம். அறிவியல் பெயர் சார்கோஃபைட்டான். பார்வைக்குப் பெரிய காளான் மாதிரி இருக்கும். விளக்கைப் போட்டால் அதன் தலையெங்கும் மயிர்க்கால் போலச் சின்னச் சின்னப் பாலிப்புகள் எழுந்து நின்று தண்ணீரின் போக்கில் ஆடும்.

கொண்டுவந்த அன்றைக்கே வேலையை ஆரம்பித்தேன். கல்லெல்லாம் பச்சைப் பாசி, ஊதா நிறத்தில் திட்டுத் திட்டாய் ஏதோ படிவு, பொந்துகளில் முள் முளைத்த புழுக்கள், போதாததற்குக் கவிச்சி வாடை. ஒரு சிஸ்டம் அடுத்தவர் கையிலிருந்து வந்தால் முதல் காரியமாக ஃபார்மட் செய்கிற தொழில் என்னுடையது. பவளத்தையும் மீனையும் வாளியில் எடுத்து வைத்துவிட்டு, ஒவ்வொரு கல்லையும் குழாயடியில் பிரஷ் போட்டுத் தேய்த்தேன். மணலை அரிசி களைவதுபோலக் களைந்தேன், தண்ணீர் தெளிகிற வரைக்கும். புதுக் கடல் உப்பைக் கரைத்து ஊற்றி விளக்கைப் போட்டபோது தொட்டி கடையில் வைத்ததுபோல இருந்தது.

மூன்றாம் நாள் தண்ணீர் பால் கலந்தாற்போல ஆனது. ஐந்தாம் நாள் ஒரு மீன் போனது. பத்தாம் நாள் தோல் பவளத்தின் அடிப்பாகம் கறுத்து, குழைந்து, அழுகின வாழைப்பழம்போலக் கல்லைவிட்டு வழிந்தது. அன்று இரவே மற்ற மீனும் செத்தது. அந்த நாற்றத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது.

தொட்டியைக் கொடுத்தவர் ஃபோனில் ஒரு முதியவரைக் கைகாட்டினார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், பல வருஷமாய்ப் பவளம் வளர்ப்பவர். வந்தார், மோந்து பார்த்தார், பளபளவென்றிருந்த கற்களைத் தடவினார். "கல்லைக் கழுவினீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "பவளத்துக்கு நீங்க ஒண்ணும் பண்ணல. அது குடியிருந்த ஊரைத்தான் கழுவி ஊத்திட்டீங்க."

அவர் கொடுத்த பழைய புத்தகங்களையும் பத்திரிகைகளையும் படிக்கப் படிக்க ஒரு விஷயம் புரிந்தது. நான் ஒரு சாயங்காலத்தில் செய்த தப்பை, வீட்டில் பவளம் வளர்க்க முயன்றவர்கள் நூறு வருஷத்துக்கும் மேலாகச் செய்திருக்கிறார்கள். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

*

மென்பவளம் என்பது தனி உயிர் அல்ல, பாலிப்புகளின் கூட்டம். ஒவ்வொரு பாலிப்புக்கும் எட்டுக் கைகள், ஒவ்வொரு கையும் இறகுபோல ஓரம் கிழிந்தது. பவளத்திட்டுகளைக் கட்டும் கல் பவளங்கள் வேறு கிளை. அவற்றின் உடலமைப்பு ஆறின் மடங்கில் போகும், அடியில் கெட்டியான சுண்ணாம்பு எலும்பு இருக்கும். மென்பவளத்துக்கு அந்த எலும்பு கிடையாது. சதைக்குள் ஊசி ஊசியாய்ச் சுண்ணாம்புத் துணுக்குகள் மட்டும் பரவிக் கிடக்கும். மற்றபடி தண்ணீரை உறிஞ்சி உப்பித்தான் நிற்கிறது.

தொட்டிகளில் வளர்க்கப்படும் பெரும்பாலான மென்பவளங்களின் சதைக்குள், கல் பவளங்களில் இருப்பதுபோலவே, ஒற்றைச்செல் பாசிகள் வாழ்கின்றன. வெளிச்சத்தைக் கொண்டு அவை சமைக்கும் உணவில் பெரும்பங்கு பவளத்துக்குப் போகிறது. பவளத்தின் கழிவு பாசிக்கு உரம். இன்றைக்குப் பள்ளிப் பாடத்தில் இருக்கும் இந்தச் செய்தி நிலைபெற வெகுகாலம் ஆனது. 1928-29இல் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டுக்குப் போன பிரிட்டிஷ் ஆய்வுக்குழுவின் தலைவர் மாரிஸ் யங், பவளம் முழுக்க முழுக்க இரைபிடித்துத் தின்னும் பிராணி, பாசி அதன் கழிவை அகற்றும் துணை மட்டுமே என்ற முடிவுக்கு வந்தார். 1944இல் ஜப்பானிய ஆய்வாளர் சிரோ கவாகுத்தி, பலாவ் தீவின் ஆய்வு நிலையத்தில் செய்த வேலையின் பலனாக, பவளத்துக்குள் இருக்கும் பாசி எந்த வகையைச் சேர்ந்தது என்று கண்டு அதைத் தனியே வளர்த்தும் காட்டினார். பாசி சமைத்த உணவு விலங்கின் உடலுக்குள் போகிறது என்பதைக் கதிரியக்கக் கார்பனை வைத்து லியனார்ட் மஸ்கட்டைனும் கேடட் ஹேண்டும் 1958இல் கடல்சாமந்தியில் நிறுவினார்கள்.

அதுவரைக்கும் வீட்டில் பவளம் வைக்க நினைத்தவர்கள், ஒரு தோட்டத்தை ஆட்டுக்குட்டி என்று நினைத்து வளர்த்தவர்கள். தீனி போட்டார்கள், கூண்டைச் சுத்தம் செய்தார்கள், வெயிலை மறந்தார்கள்.

*

இதற்கெல்லாம் முன்பே ஒரு பெண் பாதி வழி வந்திருந்தார். 1846இல் ஆனா தைன் என்ற ஆங்கிலேயச் சீமாட்டி, டார்க்வே கடற்கரையில் கிடைத்த கோப்பைப் பவளங்களை லண்டனுக்குக் கொண்டுபோனார். கல் பவள வகைதான், ஆனால் தனித்தனியாக வாழ்வது. பயணத்தில் ஆடாமல் இருக்க ஒன்றைக் கடற்பஞ்சோடு ஊசிநூலால் தைத்தே கொண்டுபோயிருக்கிறார். அப்போது கடல்நீர்த் தொட்டி என்ற பொருளே கிடையாது. கடல்நீரை ஜன்னலோரம் வைத்து, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஆற்றிக் காற்றேற்றினார்கள். நம்மூரில் காபி ஆற்றுகிற அதே வேலை. ஆற்றினது அவர் அல்ல, வீட்டுப் பணிப்பெண். அவள் பெயரை எந்த வரலாறும் சொல்வதில்லை.

அடுத்த ஆண்டு தைன் செய்ததுதான் முக்கியம். கடற்பாசி உயிரோடு ஒட்டியிருந்த சிறு பாறைத் துண்டுகளைத் தருவித்துப் பவளங்களோடு போட்டார். விலங்கும் தாவரமும் ஒன்றையொன்று தாங்குமா என்று பார்க்க ஆசைப்பட்டார். தாங்கியது. பவளங்கள் பிழைத்தன, பெருகவும் செய்தன. ஃபிலிப் ஹென்றி காஸ் 'தி அக்வேரியம்' என்ற நூலை எழுதி இங்கிலாந்து முழுக்கத் தொட்டி மோகத்தைக் கிளப்பியது இதற்குப் பிறகு, 1854இல். மோகம் பரவியது. பாறைத் துண்டின் பாடம் அதே வேகத்தில் பரவவில்லை.

*

நூறு வருஷம் தாண்டி வருவோம். 1950களுக்குப் பிறகு விமானத்தில் வெப்பமண்டல மீன்கள் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் வரத் தொடங்கின. கடல்நீர்த் தொட்டி மறுபடியும் வீட்டுக்குள் வந்தது. அந்தக் காலத்து வழிமுறைகளைப் படித்தால் மருத்துவமனை ஞாபகம்தான் வருகிறது. மணலுக்கு அடியில் தட்டு வைத்துத் தண்ணீரை இழுக்கும் ஃபில்டர். மீனுக்கு நோய் வந்தால் தாமிர மருந்து. முதுகெலும்பற்ற எந்தக் கடலுயிருக்கும் தாமிரம் விஷம் என்பதால் மீனைத் தவிர வேறு எதுவும் அங்கே தங்காது. அலங்காரத்துக்கு வெளுத்த பவள எலும்புக்கூடுகள். அதன்மேல் பாசி படிந்தால் வெளியே எடுத்து, ப்ளீச்சில் ஊறவைத்து, காயவைத்து, திரும்ப வைப்பார்கள். உயிருள்ள பவளத்தை எப்போதாவது யாராவது வாங்கினால், வெட்டிவந்த பூவைப்போல அது வாடுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

1961இல் 'டிராப்பிகல் ஃபிஷ் ஹாபியிஸ்ட்' என்ற அமெரிக்கப் பத்திரிகையில் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் தன் முறையை விவரித்து ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஃபில்டர் இல்லை, மருந்து இல்லை. கடலிலிருந்து உயிர்கள் ஒட்டியிருந்தபடியே எடுத்த பாறை, கடல் நீர், நல்ல வெளிச்சம், மெதுவாகக் காற்றுக் குமிழி விடும் ஒரு குழாய். அவ்வளவுதான். மீன்களோடு பவளமும் கடல்சாமந்தியும் அதில் வாழ்ந்தன. இயற்கையின் முறை என்றே அதற்குப் பெயர் வைத்தார்.

சரியான விடை. ஆனாலும் இருபது வருஷத்துக்கு மேல் அது வழக்கத்துக்கு வரவில்லை. வெயிலும் கடலும் பக்கத்திலேயே இருக்கிற ஆளுக்குச் சரிப்படும், பனி பெய்கிற ஊரில் குழல்விளக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டால், அதில் நியாயம் இருக்கத்தான் செய்தது. ஆனால் இன்னொரு காரணமும் இருந்தது என்று நினைக்கிறேன். புழுவும் பாசியும் அப்பிய கல்லை நடுவீட்டில், கண்ணாடிக்குள், விளக்குப் போட்டு வைப்பதற்கு மனசு வர வேண்டும். எனக்கு வரவில்லை. கழுவினேன்.

அந்தக் கல்லுக்குள் நடப்பது இதுதான். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைக் கல்லின் மேற்பரப்பிலுள்ள பாக்டீரியா நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். மணலடி ஃபில்டரும் இந்தப் பாதி வேலையைச் செய்யும், அதோடு நின்றுவிடும். நைட்ரேட் ஏறிக்கொண்டே போகும். உயிர்ப்பாறைக்கு உள்ளே ஆக்சிஜன் எட்டாத நுண்துளைகள் இருக்கின்றன. அங்கே குடியிருக்கும் வேறு பாக்டீரியா நைட்ரேட்டை உடைத்து நைட்ரஜன் வாயுவாக வெளியே அனுப்பிவிடும். நான் அருவருத்த முள் புழு, மிச்சம் மீதி தின்று துப்புரவு செய்கிற பிராணி. ஊதாப் படிவு, சுண்ணாம்பை உடலில் படியவைக்கும் பாசி. குழாய்த் தண்ணீரில் தேய்த்தபோது இந்த மொத்த ஊரும் செத்து, அழுகி, அம்மோனியாவாகத் திரும்பி வந்தது. கடைசி மீனைக் கொன்றது அநேகமாகத் தோல் பவளம்தான். ஓடவோ ஒளியவோ முடியாத மென்பவளம் டெர்பீன் வகை நஞ்சுகளை வைத்துத் தன்னைக் காத்துக்கொள்கிறது. அது அழுகும்போது தண்ணீர் கெடாமல் என்ன செய்யும்?

*

எங்கின் முறையைக் குளிர்நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் ஜெர்மன் மொழி பேசியவர்கள். 1973இல் பீட்டர் வில்கென்ஸ் கடல்நீர்த் தொட்டியின் முதுகெலும்பற்ற உயிர்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பவளம் தண்ணீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துக்கொண்டே இருக்கிறது, அதைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் வளராது என்பது அவர் வலியுறுத்தியவற்றில் ஒன்று. கடல்நீரில் லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கால்சியம் உண்டு. மூடிய தொட்டியில் அது குறைந்துகொண்டே வரும். அதற்கு அவர் சொன்ன மருந்து கால்க்வாஸர்.

பெர்லின் முதியவர் இந்த வார்த்தையைச் சொன்னபோது ஏதோ ரசாயனக் கம்பெனிச் சரக்கு என்று நினைத்தேன். அவர் சமையலறையில் ஒரு பெரிய ஜாடியைக் காட்டினார். அடியில் வெள்ளைப் படிவு, மேலே கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீர். சுண்ணாம்புத் தெளிவு! சுண்ணாம்பை நீற்றி, கரைத்து, அடங்கவிட்டு, மேலாக இறுத்தது. தொட்டியில் ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக ராத்திரியில் சொட்டுச் சொட்டாக இதை விடுவார்கள். காரம் அதிகம், மொத்தமாக ஊற்றினால் எல்லாம் காலி.

இதோடு வேறு இரண்டும் சேர்ந்தன. ஒன்று, மெட்டல் ஹாலைட் விளக்கு, குளிர்நாட்டின் வெயில். மற்றது ஸ்கிம்மர். பருப்பு கொதிக்கும்போது மேலே திரளும் நுரையை அகப்பையால் எடுத்துப்போடுவோமே, அதே வேலையைக் காற்றுக் குமிழிகளால் செய்யும் குழாய் அது. உயிர்ப்பாறை, பலமான விளக்கு, ஸ்கிம்மர், சுண்ணாம்புத் தெளிவு. இந்த நான்கும் சேர்ந்ததற்குப் பெர்லின் முறை என்று பெயர் வந்தது. மென்பவளங்கள் பிழைத்தன. பிறகு கல் பவளமும். 1980களில் டீட்ரிக் ஸ்டூபர் என்ற பெர்லின்காரர் தன் தொட்டியில் கிளைப் பவளம் ஒன்றை வளர்த்து, ஒடித்து, துண்டுகளை மற்றவர்களுக்குக் கொடுத்தார். அவை வளர்ந்து மறுபடி ஒடிபட்டுக் கைமாறின. ஸ்டூபர் அக்ரோபோரா என்றே அந்தப் பவளத்துக்குப் பெயர் நிலைத்தது. பவளக் கடல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருக்கிற ஊரில், அதுவும் வரவேற்பறைகளில், பவளம் பதியன் போடப்பட்டது.

என் அம்மாவின் ஊர் தூத்துக்குடி. ஜாடியைப் பார்த்த எனக்கு அந்த ஊரின் சுண்ணாம்புக் காளவாய்தான் நினைவுக்கு வந்தது. மன்னார் வளைகுடாவில் பல பத்தாண்டுகள் பவளக் கல்லை உடைத்துத் தோணியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். வீடு கட்ட, சுண்ணாம்பு சுட, ஆலைகளுக்கு மூலப்பொருளாக. 1986இல் அங்கே கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா வந்தது. 2001இல் கல் பவளங்கள், கடல் விசிறிகள் எல்லாம் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறின. அதற்குள் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் தண்ணீருக்குள் போய்விட்டன. அலையைத் தடுக்கும் பவளத்தை வெட்டி எடுத்தது அதற்குப் பெரிய காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஓரிடத்தில் பவளத்தைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தோம். இன்னோரிடத்தில் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றிப் பவளம் வளர்த்தார்கள்.

பெர்லின்காரர்கள் நல்லவர்கள், நாம் கெட்டவர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. உயிர்ப்பாறை எங்கிருந்து வந்தது? அதுவும் கடலிலிருந்துதான். பாறை வேண்டும் என்று தெரிந்த பிறகு ஃபிஜியிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் பெட்டி பெட்டியாய் விமானத்தில் போனது. ஃப்ளோரிடாக் கடலில் அதை எடுப்பதை 1990களில் தடுக்க வேண்டியதாயிற்று. எங் வாழ்ந்த ஜகார்த்தாவின் விரிகுடாவில் பழைய பவளத்திட்டுகள் பெரும்பாலும் இன்று இல்லை. அங்கே கொன்றது கட்டுமானமும் நகரத்துச் சாக்கடையும்.

*

மென்பவளத்தின் கதையில் இன்னொரு திருப்பம் இருக்கிறது. கல் பவளங்கள் எல்லாம் 1990க்குள் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வந்துவிட்டன. தோல் பவளம் போன்ற மென்பவளங்கள் வரவில்லை. அவற்றைப் பதியன் போடுவதும் எளிது. கத்திரிக்கோலால் ஒரு துண்டை நறுக்கி, சின்னக் கல்லோடு நூலால் கட்டி, நீரோட்டம் குறைந்த மூலையில் வைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் ஒட்டிக்கொள்ளும். கடலைத் தொடாமலே ஊர் முழுக்கப் பரப்பலாம். இந்தப் பொழுதுபோக்கில் மனசாட்சிக்கு ஆக நெருக்கமான பகுதி இதுதான் என்று நினைத்திருந்தேன்.

வெனிசுவேலா பற்றிப் படித்தபோது அந்த நிம்மதியும் போயிற்று. 2000களில் அந்நாட்டின் மோச்சிமா கடற்பகுதியில், அங்கே இருக்கக் கூடாத ஒரு மென்பவளம் தென்பட்டது. ஸீனியா குடும்பத்தைச் சேர்ந்த ஊனோமியா ஸ்டோலோனிஃபெரா. இந்தோ-பசிபிக் கடலுக்கு உரியது. அழகுத் தொட்டி வணிகம் வழியாகத்தான் வந்திருக்கும் என்று கருதுகிறார்கள். தொட்டியில் நாங்கள் மெச்சுகிற குணமெல்லாம் அங்கே அப்படியே வேலை செய்தது. துண்டானாலும் பிழைத்தது, எதன்மேலும் படர்ந்தது. கல் பவளத்தையும் கடற்புல்லையும் போர்வைபோல மூடிவிட்டது. அதன் சொந்தக் கடலில் அதைக் கட்டுக்குள் வைக்கிற அண்டை அயல் எதுவும் கரீபியனில் இல்லை.

என் தொட்டியில் நடந்ததும் மோச்சிமாவில் நடந்ததும் எனக்கு ஒன்றின் இரண்டு பக்கமாகத் தெரிகிறது. ஊரை அழித்துவிட்டுப் பவளத்தை மட்டும் வைத்தேன், செத்தது. ஊரைவிட்டுப் பெயர்த்து யாரோ அங்கே போட்டார்கள், அடங்காமல் பெருகியது. பவளம் என்று தனியாக ஒன்றை வளர்க்கவே முடியாது போலிருக்கிறது. அண்டை அயலோடு சேர்த்துத்தான் அது பவளம். ஆனா தைனின் பாறைத் துண்டும், எங்கின் கல்லும், முதியவரின் ஒரு வரியும் சொன்னது அதைத்தான். 1998இல் கடல் சூடேறி உலகெங்கும் பவளங்கள் தம் பாசியை இழந்து வெளுத்தபோது நடந்ததும் அதே பாடம்தான். அங்கே யாரும் பிரஷ் எடுக்கவில்லை, தண்ணீர்தான் மாறியது.

*

ஆசிரியர் தன் தோல் பவளத்திலிருந்து ஒரு துண்டு நறுக்கிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அதோடு அவர் தொட்டியிலிருந்து ஒரு கல்லும், ஈரத் துணியில் சுற்றி. இந்தத் தடவை கல்லை முதலில் வைத்து, ஆறு வாரம் எதையும் தொடாமல், பாசி வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். மென்பொருள் எழுதுகிறவனுக்கு அது லேசான வேலை இல்லை. பிறகுதான் பவளம் உள்ளே போனது. ஒருமுறை ஐந்து நாள் சுருங்கி, மெழுகு பூசினாற்போல் ஆகிவிட்டது. பயந்து ஃபோன் போட்டேன். "தோல் உரிக்குது. சும்மா இருங்க," என்றார். சும்மா இருந்தேன். ஆறாம் நாள் மெல்லிய தோல் ஒன்று கழன்று மிதந்தது, அடியிலிருந்து பாலிப்புகள் எழுந்தன. ஊர் திரும்பும்போது அது கையகலம் வளர்ந்திருந்தது. மாடியில் குடியிருந்த கல்லூரி மாணவிக்குத் தொட்டியோடு கொடுத்தேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். எதுவென்று சொல்ல வேண்டியதில்லை.

போன கார்த்திகையில் தூத்துக்குடி போயிருந்தேன். பாட்டி வீட்டுப் பின்கட்டில் மழைக்குக் காரை பெயர்ந்து, உள்ளே இருந்த கல் தெரிந்தது. அதன்மேல் நெருக்க நெருக்கமாய்ச் சின்ன நட்சத்திரங்கள். சிறுவயதில் எத்தனையோ தடவை விரல் வைத்துத் தடவிய சுவர்தான். செல்ஃபோன் விளக்கை அடித்து ஒரு நட்சத்திரத்தின் கீற்றுகளை எண்ணிப் பார்த்தேன். ஆறின் மடங்கு. கல் பவளம்.

பின்னால் வந்து நின்ற மாமா, சுவரைத்தான் ஆராய்கிறேன் என்று நினைத்துவிட்டார். "ஆமா மாப்ள, அடுத்த மழைக்குள்ள சுண்ணாம்பு அடிச்சிரணும்," என்றார்.